தெருமுனைக் கடையும் பேஸ்பால் கார்டும்: ஏன் இத்தனை உருக்கம்?

கேள்வி இதுதான்: "என் அலுவலகத்தில் அறுபதைத் தாண்டிய அமெரிக்கர் ஒருவர் இருக்கிறார். சின்ன வயதில் தெருமுனைக் கடையில் பேஸ்பால் கார்டு வாங்கிய கதையை ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். பபிள்கம்மோடு வந்த அட்டைக்கு ஏன் இத்தனை உருக்கம்? அதில் சிலது கோடிக்கணக்கில் விலை போகிறதாமே, எப்படி? போன வாரம் ஒரு கராஜ் சேலில் 1989, 90ஆம் வருடத்துக் கார்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன, இருபது டாலருக்கு வாங்கிவிட்டேன். தேறுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தேறாது. போட்ட இருபது டாலர் திரும்பி வந்தாலே அதிர்ஷ்டம். ஏன் தேறாது என்று விளக்கப் போனால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் அதிலேயே பதில் வந்துவிடும். இந்தக் கார்டுகளின் கதையை எல்லோரும் ஆட்டக்காரர் பக்கமிருந்தும் ஏல விலைப் பக்கமிருந்தும்தான் சொல்வார்கள். எனக்கென்னவோ கடைக்காரரின் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்தால்தான் முழுசாகப் புரியும் என்று தோன்றும். எந்தப் பையன் கைக்கு எந்தக் கார்டு வரும், எது வரவே வராது, எது எழுபது வருடம் கழித்து ஏலத்தில் நிற்கும் என்பதில் பாதியைத் தீர்மானித்தது அந்தக் கல்லாதான்.

பொருள் என்னவென்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரத்தில் ஒரு அட்டை. முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவர் ஆடிய வருடக் கணக்கு. உறையைப் பிரிக்கும்வரை உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

ஆரம்பத்தில் இது பிள்ளைகள் சமாச்சாரமே கிடையாது. 1880களில் சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைப்பார்கள். அதில் படம் அச்சடித்தால் ஆள் மறுபடி மறுபடி அதே பிராண்டை வாங்குவான் என்று கம்பெனிகள் கண்டுகொண்டன. பொடியன்கள் புகையிலைக் கடை வாசலில் நின்றுகொண்டு, வெளியே வருகிற பெரியவர்களிடம் படத்தை மட்டும் கேட்டு வாங்குவார்கள். நம் ஊரில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்கு இந்த அரிப்பு என்னவென்று சொல்லித் தர வேண்டாம். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட வரிசையில்தான் பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் வருகிறார். அவர் கார்டை மட்டும் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் தன் படத்துக்காகப் புகையிலை வாங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு கதை, பேரம் படியவில்லை என்று இன்னொரு கதை. இன்று ஐம்பது, அறுபது பிரதிகள்தான் மிச்சம் என்கிறார்கள். 2022 ஆகஸ்டில் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

சிகரெட்டிலிருந்து பபிள்கம்முக்கு வந்தபோதுதான் விஷயம் பிள்ளைகள் கைக்கு முழுதாக வந்து சேர்ந்தது. 1933இல் பாஸ்டனைச் சேர்ந்த கௌடி கம் கம்பெனி 240 எண்கள் வரை போன ஒரு வரிசையை வெளியிட்டது. அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத் மட்டும் நான்கு கார்டுகளில் வந்தார். ஆனால் 106ஆம் எண் அச்சாகவே இல்லை. தொகுப்பை முடிக்க ஆசைப்பட்ட பையன் அந்த ஒரு எண்ணுக்காகக் கடைக்கு நடந்துகொண்டே இருப்பான், இல்லையா? புகார்க் கடிதங்கள் குவிந்த பிறகு, 1934இல் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்ட நாப் லாஜ்வேயின் படத்தை 106 என்று எண் போட்டு அச்சடித்து, எழுதிக் கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். இது மறதி என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் சக ஊழியரின் கதை டாப்ஸிலிருந்து ஆரம்பிக்கிறது. 1938இல் புரூக்ளினில் ஷோரின் சகோதரர்கள் தொடங்கிய கம் கம்பெனி. பஸூகா பபிள்கம்மைக் கொண்டுவந்ததும் இவர்கள்தான். 1951இல் சீட்டாட்டம் மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தார்கள், சரியாகப் போகவில்லை. அடுத்த வருடத்துக்காக சை பெர்கர் என்ற இளம் ஊழியர், வுடி கெல்மன் என்ற சகாவோடு தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து புது வடிவம் போட்டார். வண்ணப் படம், அணியின் சின்னம், ஆட்டக்காரரின் கையெழுத்து மாதிரி, பின்பக்கம் போன வருடக் கணக்கும் மொத்தக் கணக்கும். மொத்தம் 407 கார்டுகள். ஒரு சென்ட் கொடுத்தால் ஒரு கார்டும் துண்டு கம்மும். ஐந்து சென்ட் நாணயம் கொடுத்தால் ஒரு பாக்கெட். இன்று வரைக்கும் பேஸ்பால் கார்டு என்றால் அந்த மேசையில் போட்ட வடிவம்தான்.

இப்போது கடைக்கு வருவோம். நியூயார்க் பக்கம் அதைக் கேண்டி ஸ்டோர் என்பார்கள். செய்தித்தாள், சிகரெட், மிட்டாய் ஜாடி, நின்றபடி சோடா குடிக்க ஒரு கவுன்டர். பாஸ்டனில் ஸ்பா, மிச்சிகனில் பார்ட்டி ஸ்டோர். மான்ட்ரியலில் இதே டாப்ஸ் கார்டுகள் ஓ-பீ-சீ என்ற கனடாக் கம்பெனியின் பெயரில், பின்பக்கம் ஆங்கிலமும் பிரெஞ்சுமாக வந்தன. மருந்துக்கடை, முடிவெட்டும் கடை, வுல்வொர்த் மாதிரி சில்லறைச் சாமான் கடை என்று எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். டாப்ஸ் மிட்டாய், சிகரெட் மொத்த வியாபாரிகளுக்குச் சரக்கு கொடுக்கும், அவர்கள் வேனில் ஏற்றிக் கடை கடையாகப் போடுவார்கள். கடைக்காரருக்கு அது இன்னொரு மிட்டாய். உள்ளே இருப்பது வில்லி மேஸா, பெயர் தெரியாத மாற்று ஆட்டக்காரரா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பெட்டி காலியானால் அடுத்த பெட்டி, அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. 1973 வரை ஒரு வருடத்துக் கார்டுகளை டாப்ஸ் ஒரே தடவையில் வெளியிடாது. சீசன் தொடங்கும் வசந்தத்தில் முதல் சீரிஸ். பிறகு சில வாரத்துக்கு ஒரு சீரிஸ் என்று ஐந்தாறு தவணையாக வரும். கடைக்காரர் கையில் முதல் சீரிஸ் பெட்டி இன்னும் மிச்சமிருந்தால் அடுத்ததை வாங்க மாட்டார். ஆக, பிள்ளைகள் அதே நூற்றுச் சொச்சம் முகங்களையே திரும்பத் திரும்ப வாங்கி எரிச்சலாவார்கள். அப்போது யாராவது ஒரு பையன் சேதி கொண்டுவருவான்: தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் கடையில் மூன்றாவது சீரிஸ் வந்துவிட்டதாம். உடனே சைக்கிள் படை கிளம்பும். எழுபது வயதுக்காரர்கள் கடைகளின் பெயரையும் தெருவையும் இன்றும் வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒரு சின்ன ஊரின் வரைபடத்தையே அவர்கள் சீரிஸ் எண்களால் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் ஆனதும் கதை மாறும். பள்ளி திறக்கப் போகிறது, ஃபுட்பால் சீசன் வருகிறது, மொத்த வியாபாரி ஃபுட்பால் கார்டுப் பெட்டியோடு வந்து நிற்பார். எந்தக் கடைக்காரர் அந்த நேரத்தில் பேஸ்பால் கடைசி சீரிஸை வாங்கிப் போடுவார்? அதனால் கடைசி சீரிஸ் பல ஊர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. சேகரிப்பாளர்கள் இதை ஹை நம்பர்ஸ் என்பார்கள். அந்தக் காலத்துத் தொகுப்பு எதை எடுத்தாலும் அரிதானது அந்தக் கடைசி நூறு எண்கள்தான்.

1952இன் கடைசி சீரிஸ் 311ஆம் எண்ணில் தொடங்குகிறது. 311 யார் என்றால் மிக்கி மேன்டில். யாங்கீஸ் அணிக்கு வந்து ஒரு வருடமே ஆன இருபது வயதுப் பையன். வேடிக்கை என்னவென்றால், அச்சுத் தாளில் அந்தக் கார்டுக்கு இரண்டு இடம் கொடுத்திருந்தார்கள். அதாவது அந்த சீரிஸின் மற்ற பலரைவிட மேன்டில் இரட்டிப்பாக அச்சானவர். இருந்தும் கடைகள் வாங்கவில்லை. சரக்கு புரூக்ளின் கிடங்கிலேயே தூங்கியது. பெர்கர் திருவிழாக் கடைகளுக்குக் காசுக்குப் பத்து என்று தள்ளிப் பார்த்தார், யாரும் சீந்தவில்லை. 1960இல் மிச்சமிருந்த பெட்டிகளை ஒரு குப்பைப் படகில் ஏற்றி, நியூஜெர்சிக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக்கில் கொட்டியதாக அவரே பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

தப்பியதும் கொஞ்சம் உண்டு. 1980களின் நடுவில் ஆலன் ரோஸன் என்ற கார்டு வியாபாரி, மாசசூசெட்ஸில் ஒரு வீட்டில் கிடந்த விற்காத பழைய 1952 சரக்கை மொத்தமாக வாங்கினார். அதிலிருந்து வந்த ஒரு மேன்டில் 1991இல் 50,000 டாலருக்கு விற்றது. அதே கார்டு 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்குப் போனது. விற்காமல் தங்கியதால்தான் அது சைக்கிள் சக்கரத்திலும் டிரவுசர் பாக்கெட்டிலும் மாட்டாமல், வெட்டிய அன்று இருந்த மாதிரியே மூலை மழுங்காமல் இருந்தது.

சரி, பையன்களுக்குக் காசு எங்கிருந்து வந்தது? 1950களிலும் 60களிலும் காலி சோடா பாட்டில்தான் பெரிய வருமானம். சின்னப் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் இரண்டு சென்ட், பெரியதற்கு ஐந்து சென்ட். கட்டடம் கட்டுகிற இடம், சாலையோரப் பள்ளம், பூங்கா என்று பொறுக்கி எடுத்து, அதே கடையில் கொடுத்து, அதே கல்லாவில் கார்டாக மாற்றிக்கொள்வார்கள். காசு அப்பா கையிலிருந்து வராததால் கேள்வி கேட்கவும் ஆள் இல்லை. 1970களின் தொடக்கத்தில் பத்து சென்ட்டுக்குப் பத்துக் கார்டு. 1975இல் அதே பத்துக் கார்டு பதினைந்து சென்ட் ஆனது. ஒரு பிள்ளை தானாகச் சம்பாதித்து, தானாகத் தேர்ந்தெடுத்து, பெரியவர் துணை இல்லாமல் முடிக்கிற முதல் வியாபாரம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்தது.

என் அனுபவம் கொஞ்சம் பிந்தியது. 1985இல், ஒன்பது வயதில், நியூஜெர்சிக்கு வந்தோம். எங்கள் குடியிருப்பிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கடை. வாசலில் செய்தித்தாள் அடுக்கு, உள்ளே லாட்டரி மெஷின், பால், ரொட்டி, சிகரெட் அலமாரி. கல்லாவை ஒட்டி, மூடியைப் பின்பக்கம் மடித்து நிறுத்திய டாப்ஸ் பெட்டி. கடைக்காரர் இத்தாலியத் தாத்தா ஒருவர், சிரித்து நான் பார்த்ததில்லை. அவருக்கு ஒரே சட்டம்: தொட்டதை எடுத்தாக வேண்டும். பாக்கெட்டைத் தடவிப் பார்த்து உள்ளே யார் என்று கண்டுபிடிக்கலாம் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. பெட்டியின் பின்வரிசையில் அடியில் இருப்பதுதான் நல்ல பாக்கெட் என்று இன்னொரு நம்பிக்கை. தாத்தா கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், கை தானாக மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளும்.

1987 டாப்ஸ் கார்டு இன்றும் எனக்குக் கண்ணை மூடினால் தெரியும். ஓரம் முழுக்க மரப்பலகை மாதிரி அச்சு. நாற்பது சென்ட்டுக்குப் பதினேழு கார்டும் ஒரு கம்மும். உறை மெழுகுக் காகிதம், சூட்டில் ஒட்டியது. நகத்தை மடிப்பில் விட்டு இழுத்தால் கிழியாமல் பிரியும். முதலில் மூக்கில் ஏறுவது கம் வாசனை, அதோடு அச்சு மையும் மெழுகும் கலந்த ஒரு நெடி. கம் என்பது வெளிர் சிவப்பில் சர்க்கரைத் தூள் பூசிய ஒரு பட்டை. வாயில் போட்டால் முதலில் கண்ணாடி மாதிரி உடையும், பிறகு மெதுவாக ஒன்று சேரும், தித்திப்பு போன பிறகு மெல்ல ஒன்றும் இருக்காது. அதை ஒட்டி இருந்த கார்டில் மட்டும் கறை படிந்திருக்கும். அந்தக் கறை நமக்கு வேண்டிய ஆள் மேல் படியக் கூடாது என்பதுதான் பிரிக்கும்போது ஒரே பிரார்த்தனை.

எங்கள் தெருவில் பாதிப் பேர் மெட்ஸ் அணி, பாதிப் பேர் யாங்கீஸ் அணி. 1986இல் மெட்ஸ், சீசன் முடிவில் நடக்கும் சாம்பியன் போட்டியான வேர்ல்ட் சீரிஸை ஜெயித்த கையோடு அதன் ஆட்டக்காரர்கள் டுவைட் குட்டனுக்கும் டேரில் ஸ்ட்ராபெரிக்கும் ஏகக் கிராக்கி. எனக்கு வேண்டியது யாங்கீஸின் டான் மேட்டிங்லி. அவர் கார்டு கிடைத்த அன்று அப்பா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதுவரை அவர் பேச்சு "அட்டைக்கா காசு குடுத்த?" என்பதோடு முடிந்துவிடும். அம்மா மட்டும், "விடுங்க, ஐஸ்கிரீம் தின்னுட்டு ராத்திரி பூரா இருமறதுக்கு இது தேவலை" என்பாள். அன்றைக்கு அப்பா, "அதென்னடா .352? புள்ளிக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல?" என்று கேட்டார். பந்தடிக்க நின்ற தடவைகள் 677, அடித்து ஓடி பேஸில் சேர்ந்தது 238, இதை அதால் வகுத்தால் வருவது என்று விளக்கினேன். "எங்க, வகுத்துக் காட்டு" என்று காகிதத்தை நீட்டினார். நீள் வகுத்தல் எனக்குப் படிந்தது அன்றிலிருந்துதான். அதற்கப்புறம் பாக்கெட் வாங்கி வந்தால் அவரே ஒன்றை உருவி, வருடத்துக்கு வருடம் ஒரு ஆள் எப்படி ஏறி இறங்குகிறான் என்று படிப்பார். பேஸ்பால் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் கடைசிவரை முழுதாகப் பார்த்ததில்லை.

பின்பக்கத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எல்லா ஆட்டமும் தொலைக்காட்சியில் வராத காலத்தில் வேறு நகரத்து ஆட்டக்காரரின் முகத்தையே பையன்கள் கார்டில்தான் பார்த்தார்கள். முன்பக்கத்திலும் கூத்து உண்டு. அணி மாறிய ஆட்டக்காரருக்குப் புதுத் தொப்பியைத் தூரிகையால் வரைந்துவிடுவார்கள், பார்த்தாலே தெரியும். 1957இல் ஹாங்க் ஏரன் படத்தை இடவலம் மாற்றி அச்சடித்ததால் அவர் இடக்கை ஆட்டக்காரராக நிற்கிறார். 1959இல் லூ பர்டெட் வலக்கைப் பந்துவீச்சாளர், ஆனால் குறும்புக்குக் கையுறையை வலக்கையில் மாற்றிப் போட்டு இடக்கைக்காரர் மாதிரி நின்றார், டாப்ஸ் கவனிக்காமல் அச்சடித்துவிட்டது. 1969இல் அரேலியோ ரொட்ரிகஸ் என்று பெயர் போட்ட கார்டில் இருப்பவர் அணியின் மட்டை எடுத்துக் கொடுக்கும் பையன். இதையெல்லாம் முதலில் பிடித்தவர்கள் கடை வாசலில் நின்ற பொடியன்கள்தான்.

கடை வாசலில் இன்னொரு சந்தை நடக்கும். ஒரு பையன் தன் கட்டைச் சீட்டு மாதிரி தள்ளிக்கொண்டே போக, எதிரில் இருப்பவன் "இருக்கு, இருக்கு, இருக்கு, இல்லை!" என்று ஓதுவான். அந்த "இல்லை"யைச் சத்தமாகச் சொல்லிவிட்டால் விலை ஏறிவிடும் என்பதால் கெட்டிக்காரர்கள் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் கடந்து போய்விட்டு, கடைசியில் சாவகாசமாகத் திரும்பி வந்து கேட்பார்கள். விளையாட்டும் உண்டு. ஃப்ளிப்பிங் என்பதில் முதல் ஆள் கார்டைச் சுழற்றிக் கீழே விடுவான். படம் மேலே விழுந்தால் அடுத்தவனுக்கும் படம் விழ வேண்டும், விழுந்தால் இரண்டும் அவனுக்கு. இன்னொன்றில் சுவரில் சாய்த்து வைத்த கார்டுகளை வேறு கார்டு வீசித் தள்ள வேண்டும். கடைசியாக நிற்பதைத் தள்ளியவனுக்குத் தரையில் கிடப்பது எல்லாம். வேண்டாதவற்றைத் துணி கிளிப்பால் சைக்கிள் சக்கரக் கம்பியில் மாட்டினால் மோட்டார் பைக் மாதிரி படபடக்கும். மிச்சம் ரப்பர் பாண்டு போட்டு ஷூ பெட்டிக்குள். பையன் கல்லூரிக்குப் போனதும் அம்மா பெட்டியைக் குப்பையில் போட்டுவிடுவாள். அமெரிக்காவில் ஒரு தலைமுறையே தன் அம்மா மேல் வைத்திருக்கும் ஒரே புகார் இது. ஆனால் அந்த அம்மாக்கள் தூக்கிப் போட்டதால்தான் மிஞ்சியவற்றுக்கு விலை வந்தது.

ஆட்டக்காரர்களுக்கு இதில் என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. சிறு அணிகளில் ஆடும்போதே ஐந்து டாலரைக் கையில் வைத்து டாப்ஸ் கையெழுத்து வாங்கிவிடும். பெரிய அணிக்கு வந்த பிறகு வருடத்துக்கு 125 டாலர். 1966இல் ஆட்டக்காரர் சங்கத்துக்கு வந்த மார்வின் மில்லர் இதைப் பார்த்துக் கொதித்துப்போய், டாப்ஸ் கேமராவுக்கு யாரும் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1968இல் டாப்ஸ் இறங்கி வந்தது. தலைக்கு 250 டாலரும் விற்பனையில் பங்கும் தர ஒப்புக்கொண்டது. கம்மோடு கார்டு விற்கும் உரிமை டாப்ஸிடம் இறுகியிருந்ததால், 1963இல் ஃப்ளீர் கம்பெனி கம்முக்குப் பதில் பிஸ்கட் வைத்து விற்றுப் பார்த்த கதையும் உண்டு. டாப்ஸ் நீதிமன்றம் போய் அதையும் நிறுத்தியது. ஃப்ளீர் மறுபடி வழக்குப் போட்டு 1980இல் ஜெயிக்க, 1981இல் ஃப்ளீரும் டான்ரஸ் என்ற இன்னொரு கம்பெனியும் களத்தில் இறங்கின. மேல்முறையீட்டில் டாப்ஸ் ஜெயித்தாலும், அதன் தனி உரிமை கம்மோடு விற்பதற்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டது. உடனே ஃப்ளீர் ஸ்டிக்கரையும் டான்ரஸ் புதிர்ப் படத் துண்டுகளையும் வைத்து விற்க ஆரம்பித்தன. எங்கள் கடையில் ஒரு பெட்டி இருந்த இடத்தில் மூன்று பெட்டி வந்தது இப்படித்தான்.

நாசம் தொடங்கியதும் இங்கேதான். ஜேம்ஸ் பெக்கெட் என்ற புள்ளியியல் பேராசிரியர் 1979இல் கார்டுகளுக்கு விலைப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். 1984 முடிவில் அது மாதப் பத்திரிகையாகவே வர ஆரம்பித்தது. நான் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவன் அதை வைத்திருப்பான். அப்புறம் "இல்லை!" என்று கத்துகிற சத்தம் நின்றது, "புக்ல மூணு டாலர் போட்டிருக்கு" என்று ஆனது. ஃப்ளிப்பிங்கை விட்டோம், மூலை மழுங்கிவிடுமே. கார்டுகள் பிளாஸ்டிக் உறைக்குள் போயின. வணிக வளாகத்தில் கார்டுக்கென்றே கண்ணாடி அலமாரிக் கடை ஒன்று திறந்தது. புத்தகத்தில் பத்து டாலர் போட்ட கார்டை நான் விற்கப் போனால் ஒன்றரை டாலர் என்பார், அதையே பக்கத்தில் பத்துக்கு வைத்திருப்பார். 1989இல் அப்பர் டெக் என்ற புதுக் கம்பெனி வந்தது. பளபளக்கும் உறை, போலியைத் தடுக்க ஹாலோகிராம், பாக்கெட் ஏறத்தாழ ஒரு டாலர். முதல் கார்டே கென் கிரிஃபி ஜூனியர் என்ற புது ஆட்டக்காரர். பாட்டில் பொறுக்கும் பையனின் கணக்கிலிருந்து கார்டு வெளியே போனது அந்த விலையில்தான் என்பேன். சேகரிப்பவர்கள் கறையைப் பற்றிப் புலம்பியதால் 1991க்குப் பிறகு டாப்ஸ் கம்மையும் எடுத்துவிட்டது. எங்கள் கடைக்காரத் தாத்தா அதற்கு முன்பே கடையை ஒரு குஜராத்திக் குடும்பத்துக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்.

இந்த வருடங்களில் நாடே கார்டுகளை முதலீடாக வாங்கிப் பெட்டி பெட்டியாக அடுக்கியது. கம்பெனிகளும் சலிக்காமல் அச்சடித்துத் தள்ளின. சேகரிப்பாளர்கள் இந்தக் காலத்தை ஜங்க் வாக்ஸ், அதாவது குப்பை மெழுகு உறை, காலம் என்று வசை பாடுவார்கள். யாரும் தொலைக்கவில்லை, எந்த அம்மாவும் எறியவில்லை. பிறகு எங்கிருந்து அருமை வரும்? 1994இல் ஆட்டக்காரர் வேலைநிறுத்தத்தில் வேர்ல்ட் சீரிஸே ரத்தானபோது மிச்சமிருந்த மோகமும் வடிந்தது. கொரோனா சமயத்தில் மறுபடி ஒரு வேகம் வந்தது. 2021 மே மாதம் விஸ்கான்சினில் ஒரு டார்கெட் கடை வாசலில் கார்டுக்காக அடிதடியாகித் துப்பாக்கி வரை போனதில், அந்தக் கம்பெனி சிறிது காலம் கடைகளில் கார்டு விற்பதையே நிறுத்தி வைத்தது. அங்கே வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆட்கள்.

உங்கள் பெட்டிக்கு வருகிறேன். தூக்கிப் போடுவதற்கு முன் சில கார்டுகளை மட்டும் தேடுங்கள். 1989 அப்பர் டெக்கில் முதல் எண் கிரிஃபி. 1989 ஃப்ளீரில் பில்லி ரிப்கென், மட்டையின் அடிக்குமிழில் ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருக்கும், அதைப் பிறகு பல விதமாக மறைத்து அச்சடித்தார்கள். 1990 டாப்ஸில் ஃபிராங்க் தாமஸ், முன்பக்கம் பெயர் விட்டுப்போன பிரதி மட்டும். அந்தப் பெயரில்லாத தாமஸ் கிடைத்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், பொறாமைப்பட ஆசை. நான்கு மூலையும் கூர்மையாக, படம் நடுவில், மேலே கோடு விழாமல் இருந்தால்தான் தரச் சான்றுக்கு அனுப்புவதில் அர்த்தம். சாதாரணக் கார்டுக்கு அந்தக் கட்டணமே விலையை விழுங்கிவிடும். மிச்சத்தை அப்படியே அலுவலகத்துக்குக் கொண்டுபோய் அந்தப் பெரியவர் மேசையில் வையுங்கள். விலையைக் கேட்காதீர்கள், எந்தக் கடையில் வாங்கினீர்கள், பாக்கெட் அப்போது எத்தனை சென்ட் என்று கேளுங்கள். பிரிக்காத டாப்ஸ் பாக்கெட் அகப்பட்டால் ஆளுக்கு ஒன்று பிரித்துவிடுங்கள், வைத்திருந்து பெரிதாக ஒன்றும் ஆகப் போவதில்லை. உள்ளே இருக்கும் கம்மை மட்டும் இருவரும் வாயில் போட வேண்டாம்.